தேங்காய் மட்டைச் சபதம்

“இந்த வீட்டுக்குள்ள என் வாயிலேர்ந்து ஒரே ஒரு பொய் விழுந்துச்சுன்னா, அன்னைக்கே மண்டி போட்டு, அந்தத் தேங்காய் மட்டையைக் கையில எடுத்து, இந்தக் கூடம் பூரா நானே தேய்ச்சு மெருகேத்துவேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க!”

வழிகாட்டி மிஸ் ஐவரின் டலக், ஊருக்கு மிஸ் ஐவி, இந்தச் சபதத்தைச் செய்தது, ட்ரிலானி மலைச்சரிவில் நிற்கும், பழைய கரும்பு எஸ்டேட்டைச் சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துப்போகும் லாங் பேஷன்ஸ் மாளிகையின் பெரிய கூடத்தில், மேலாளர் ஹெய்லட்டின் முகத்துக்கு நேராக. சாதாரணச் சபதம் இல்லை. அந்தக் கூடத்தில் கல்யாண விருந்தே வைக்கலாம், அவ்வளவு அகலம். மிஸ் ஐவியின் முழங்கால்களோ மழை வருவதை வானொலிக்கு முன்பே அறிவிக்கக்கூடியவை. மெருகேற்றும் மின்சார இயந்திரம் வந்த பிறகு, குறுக்கே வெட்டிய அந்தத் தேங்காய் மட்டை சமையல்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கி, காட்சிப்பொருளாக ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தது.

ஹெய்லட் அப்படி என்ன கேட்டுவிட்டார்? ஒரு பேய் கேட்டார். அவ்வளவுதான்.

“அடுத்த எஸ்டேட்ல வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி மாடிப்படியில இறங்கி வர்றா, மிஸ் ஐவி. ஃபால்மத் துறைமுகத்துல டூரிஸ்ட் கப்பல் நின்னா போதும், கூட்டம் பூரா அங்கதான் ஓடுது. நமக்கு அவ்வளவு பெரிசா வேணாம். கைக்கு அடக்கமா ஒரு பேய். ஒரு கதவு தானா சாத்திக்கிட்டாக்கூட நான் சமாளிச்சுக்குவேன்.”

“வடக்குப் பக்கக் கதவு தானாத்தான் சாத்திக்குது. கீல் போயிடுச்சு. கீலை மாத்துங்க.”

அதற்குப் பிறகு வந்ததுதான் சபதம்.

மிஸ் ஐவியோடு மாளிகையைச் சுற்றிப் பார்ப்பது மனதைத் திடப்படுத்திக்கொண்டு செய்யவேண்டிய காரியம். படுக்கையறையில் யாராவது நாலு கால் கட்டிலைத் தடவி, “எஜமானர் இதுலதான் படுத்தாரா?” என்று உருகினால், “அவர் கட்டிலைக் கறையான் தின்னு ரொம்ப நாளாச்சும்மா. இது மான்டிகோ பே நகரத்துல ஒரு ஹோட்டலை மூடினப்ப வாங்கினது. நான் அங்க துணி வெளுத்தவ. இதே கட்டிலுக்கு எத்தனையோ தடவை விரிப்பு மாத்தியிருக்கேன்” என்பார். சாப்பாட்டு மேசைக்கு மேலே முறைத்துப் பார்க்கும் கனவானின் ஓவியம் யாருடையது என்று கேட்டால், “தெரியாது. மரச்சட்டம் நல்லாயிருக்குன்னு ஏலத்துல எடுத்தாங்க. ஆளும் கூடவே வந்துட்டார்.”

கூட்டத்தின் முகம் தொங்கிப்போகும். ஆனால் அதே குரலில், அதே வேகத்தில், கரும்பு ஆலையின் இடிந்த சுவருக்கு முன்னால் நின்று, “இந்தக் கல்தூண்ல ஆளுங்களைக் கட்டி வெச்சு அடிச்சாங்க. பொம்பளைங்களையும்தான்” என்று சொல்லும்போது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கட்டிலைப் பற்றி உண்மை சொன்ன வாய் அது. புகைப்படக் கருவிகள்கூடத் தாமாகக் கீழே இறங்கிவிடும்.

உண்மையின் மேல் அவருக்கு இப்படி ஒரு பிடிவாதம் எப்போது வந்தது என்று ஊரில் பல கருத்துகள் உண்டு. கணவர் லாயிட் கனடாவுக்குக் கிளம்பும்போது, “கிறிஸ்துமஸுக்குள்ள உன்னையும் கூப்பிட்டுக்கறேன்” என்றார். எந்தக் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து என்பது ஒரு கட்சி. பிறவியிலேயே அப்படித்தான் என்பது தோட்டக்காரர் பர்ச்செல்லின் கட்சி. அவர் மிஸ் ஐவியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர். எப்படியோ, சாவு வீட்டில் ஒன்பதாம் இரவுக் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லும்போது, மிஸ் ஐவியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. ஒருமுறை எழுப்பினார்கள். “அவர் பாட ஆரம்பிச்சா கோயில் வாசல்ல கட்டியிருந்த ஆடுகூடக் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செத்தவர் பாடகர் குழுவின் தலைவர்.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் ஒரு பிப்ரவரி காலையில் வாடகைக் காரில் வந்து இறங்கினார் திரு. டேக்கர்ஸ். எண்பதை நெருங்கும் வயது, கோட்டு சூட்டு, தொப்பி, கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு புட்டி வெள்ளை ரம். சின்ன வயதில் இங்கிருந்து இங்கிலாந்து போய், பர்மிங்ஹாமில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“வீட்டைப் பாக்கலாமா, ஐயா?”

“வீடு வேணாம்மா. வீட்டைக் கட்டினவங்களைப் பாக்கணும்.” தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். “பிபான்னு பேரு. என் அம்மா வழி முன்னோர்ல ஒருத்தி. இந்த எஸ்டேட்லதான் அடிமையா இருந்தா, இங்கதான் செத்தான்னு எங்க வீட்ல சொல்லிச் சொல்லி வந்தாங்க. அவ தலைமாட்டுல ரம் ஊத்திட்டு வான்னு அம்மா சாகும்போது கேட்டுக்கிட்டா. நான்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிப் போட்டேன். இப்ப டாக்டர் இனிமே பிளேன் ஏறாதேன்னுட்டார். நாளைக்குத் திரும்பறேன்.”

“எந்த இடம்னு தெரியுமா?”

“தெரியாது. போற வழியெல்லாம் காசை நீட்டினா ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மேட்டைக் காட்டறான். அப்புறம்தான் டாக்ஸிக்காரன் சொன்னான், லாங் பேஷன்ஸ்ல ஒரு அம்மா இருக்கு, கழுத்துல கத்தி வெச்சாலும் பொய் வராதுன்னு.”

மிஸ் ஐவி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட கையோடு உண்மையையும் சொன்னார்.

“தெரியாதுங்க ஐயா. யாருக்கும் தெரியாது. அடிமைங்களைப் புதைச்ச இடத்துல கல்லு வெக்கல. மேல கரும்பு நட்டாங்க.”

திரு. டேக்கர்ஸ் தலையாட்டினார். ஆனாலும் நடக்க ஆரம்பித்தார். மாமரத்தடியில் நின்று, “இங்க இருக்குமா?” என்றார். “தெரியாதுங்க.” ஆலைக்குப் பின்னால் ஒரு மேட்டில் நின்றார். “இது சக்கை கொட்டின மேடு.” பழைய கிணற்றோரம் நின்றார். இல்லை. வெயில் ஏறியது. அவருடைய நடை சுருங்கிக்கொண்டே வந்தது.

செடிகளுக்கு நடுவே பர்ச்செல் களைக்கொத்தோடு நிமிர்ந்தார். மிஸ் ஐவி பக்கத்தில் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏதாவது ஒரு மரத்தைக் காட்டித் தொலையேன், ஐவி! மரமா வந்து உன் மேல கேஸ் போடப்போகுது?” என்றார்.

“வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு.”

அப்போதுதான் சமையல்கட்டுக்குப் பின்பக்கம் திரு. டேக்கர்ஸ் சட்டென்று நின்றார். அங்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குரோட்டன்ஸ் புதர், ஆள் நீளத்துக்குச் செவ்வகமாக நடப்பட்டிருந்தது. கல் வைக்க வழியில்லாதவர்கள் அந்த வட்டாரத்தில், புதைத்த இடத்தின் மேல் குரோட்டன்ஸ்தான் நடுவார்கள். சின்ன வயதில் ஊரைவிட்டுப் போனவருக்கும் அது மறந்திருக்கவில்லை.

“குரோட்டன்ஸ்,” என்றார். “நீங்க யாரும் கவனிக்கலையா? குரோட்டன்ஸ்!”

கவனிக்காமல் என்ன? நட்டவரே மிஸ் ஐவிதான். அடியில் படுத்திருந்தது எஸ்டேட்டின் பழைய தண்ணீர்ப் பம்பு. கழற்றிக் கொண்டுபோக யாரும் வராததால் பர்ச்செல் குழி தோண்டித் தள்ளினார். துருப்பிடித்த குழாய் நீட்டிக்கொண்டிருந்தது கண்ணை உறுத்தியதால் மிஸ் ஐவி செடி வைத்தார்.

திரு. டேக்கர்ஸ் ஏற்கெனவே ஒரு கையைத் தரையில் ஊன்றி, கோட்டோடும் சூட்டோடும் மெல்ல மண்டியிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“நீங்க சொன்னா நான் நம்புவேன், மிஸ் டலக். இங்கதான் இருக்காளா?”

பர்ச்செல்லின் களைக்கொத்து அந்தரத்தில் நின்றது. மிஸ் ஐவி புதரைப் பார்த்தார். கிழவரின் முழங்கால்களைப் பார்த்தார். பிறகு தன்னுடையவற்றைப் பார்த்தார்.

“இங்கதான் இருக்காங்க, ஐயா.”

“பிபாவா?”

“பிபாதான்.” ஒருமுறை மடை திறந்தால் நிற்குமா? “சமையல்கட்டுல இருந்தாங்களாம். யாருக்கும் பயப்படமாட்டாங்களாம். குரல் நல்ல குரல்னு சொல்லுவாங்க.”

“என் அம்மாவுக்கும் நல்ல குரல்,” என்றார் கிழவர். புட்டியைத் திறந்து குரோட்டன்ஸ் அடியில் ஊற்றினார். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அம்மாவைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் மெதுவாக ஏதேதோ சொன்னார். பர்ச்செல் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தண்ணீர்ப் பம்புக்காகத் தொப்பியைக் கழற்றினார். மிச்ச ரம்மை மூன்று பேரும் முறைப்படி ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். கார் ஏறும்போது கிழவரின் நடை நீண்டிருந்தது.

“குரல் நல்ல குரலா?” என்றார் பர்ச்செல், கார் மறைந்ததும்.

மிஸ் ஐவி சமையல்கட்டுக்குள் போனார்.

சாயங்காலம் வாசலைப் பூட்ட வந்த ஹெய்லட்டுக்குக் கூடத்திலிருந்து சரக் சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இத்தனை காலம் வேண்டிக்கொண்ட பேய் வந்தேவிட்டது என்று ஒரு கணம் மகிழ்ந்து உள்ளே ஓடினார். மடித்த சாக்கை முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் மட்டையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் மிஸ் ஐவி. சமையல்கட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

“மிஸ் ஐவி! மெஷின் ரிப்பேரா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

ஹெய்லட் மட்டையைப் பார்த்தார். சபதம் ஞாபகத்துக்கு வந்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்படின்னா... அந்தப் பேய் விஷயத்தையும் கொஞ்சம்...”

“பேய் கிடையாது,” என்றார் மிஸ் ஐவி. “காலைத் தூக்குங்க. இன்னும் பாதிக் கூடம் பாக்கி.”