பெட், பாப், பெக், பாஸ்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, மழையில் நனைந்த கோட்டோடு வாசலில் நின்ற என்னிடம் மொரீன் சொன்னது இதுதான்: “பாப் யுவர் கோட் ஆன் த பெக், பெட்.” மொரீன் அந்த முதியோர் இல்லத்தில் இருபது வருடங்களாகப் பராமரிப்பாளராக இருக்கும் பெண். அவர் சொன்ன ஏழு சொற்களில் மூன்று ‘பி’ எழுத்தில் தொடங்குபவை. மூன்றுமே எனக்குத் தெரிந்த சொற்கள், அதுதான் சிக்கல். பாப் என்றால் பலூன் வெடிக்கிற சத்தம். பெக் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் பசறைக் கடைவீதியில் ஆண்கள் கேட்டு வாங்கும் சாராயத்தின் அளவு. பெட் என்றால் வீட்டில் வளர்க்கிற நாய், பூனை. இந்த மூன்றுக்கும் என் கோட்டுக்கும் என்ன தொடர்பு என்று புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். மொரீன் என் தோளிலிருந்து கோட்டைக் கழற்றிச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினார். “தேர் யூ ஆர், பெட்” என்றார். கோட்டைக் கொக்கியில் மாட்டும்மா என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் இந்த வடகிழக்குக் கடற்கரையில் பிரியமாகக் கூப்பிடுவதற்குப் பெட் என்கிறார்கள். இது எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

இதைச் சாதாரணமாகச் சிரித்துக் கடந்திருக்கலாம். ஆனால் நான் ஊரில் ஆங்கில ஆசிரியை. பதுளையிலிருந்து பசறை போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருடம் கற்பித்தவள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துச் சொற்களை அட்டையில் எழுதி வகுப்பின் நான்கு சுவரிலும் ஒட்டியிருந்தேன். ‘பி’ வரிசையில் பென், பின், பாட், பிக், பெட் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரே ஒரு பொருள். ஒரு நாள் ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், பெரட்டுக்கு இங்கிலீஷ்ல என்னா?” என்று கேட்டாள். காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதைத்தான் எங்கள் தோட்டங்களில் பெரட்டு என்பார்கள். என் அம்மா முப்பத்திரண்டு வருடம் அந்தப் பெரட்டில் நின்று கொழுந்து பறிக்கப் போனவர். “பெரட்டே இங்கிலீஷ்தான். பரேட்னு ஒரு சொல்லு. அது நம்ம தோட்டத்துக்கு வந்து இப்பிடி ஆயிருச்சு” என்றேன். அந்தச் சிறுமி நம்பவில்லை. “இல்ல டீச்சர், அது நம்ம சொல்லு” என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்று அவளைத் திருத்தினேன். இன்று யோசித்தால் அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒன்று, எந்த ஊரில் உழைக்கிறது என்பது வேறு.

நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கித் திணறிய காலத்தில், பராமரிப்பு வேலைக்கான விசாவில் நான் இங்கே வந்தேன். அம்மாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வந்த இரண்டாம் வாரமே ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் வாங்கி, எனக்குத் தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த சொற்களை மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். ‘பி’ பக்கம்தான் முதலில் நிறைந்தது. பாப்: சோடா, கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவது, மாத்திரையை வாயில் போடுவது. பேட்: ஊரில் கிரிக்கெட்காரர் காலில் கட்டுவது, இங்கே முதியவர்களுக்கு ஈரம் உறிஞ்ச வைத்து நாங்கள் மூன்று வேளையும் மாற்றுவது. புட்: புடிங்கின் சுருக்கம், சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பு. பான்: சட்டி, படுக்கையில் இருப்பவருக்கு வைக்கும் மலப் பாத்திரமும் அதுதான். கடைசியாக, பாஸ். அந்தச் சொல்லுக்கு எதிரே மூன்று பொருள் எழுதி வைத்திருந்தேன். பரீட்சையில் தேறுவது, உப்பை எடுத்துக் கொடுப்பது, சிறுநீர் கழிப்பது. மூன்றாவது மொரீன் தந்தது. வேலை மாறும் நேரத்தில் “ஹாஸ் ஹீ பாஸ்ட்?” என்று அவர் கேட்டால், அந்த அறைக்காரர் சிறுநீர் கழித்தாரா என்று அர்த்தம். நான்காவது ஒரு பொருள் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. இறந்ததைச் சொல்லும் ‘பாஸ்ட் அவே’ என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கற்பித்தும் இருக்கிறேன். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் பேசும்போது அதில் அந்த ‘அவே’யை விட்டுவிடுவார்கள் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆலன் என்பவர் என் பொறுப்பில் இருந்தவர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்ததில் விழுங்குவது கடினமாகிவிட்டது. தண்ணீராக எதைக் கொடுத்தாலும் புரைக்கேறி மூச்சு முட்டும். அதனால் அவர் குடிக்கும் எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கிக் கரண்டியால் ஊட்டவேண்டும். தேநீரும் அப்படித்தான். தேயிலையில் வளர்ந்தவள் நான். தேநீர் கூழாகிக் கரண்டியில் நடுங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருமாதிரி இருக்கும். ஆலனுக்கும் அது பிடிக்காது. வாயைக் கோணிக்கொண்டு, “திஸ் இஸ் நாட் டீ, பெட்” என்பார். “ஐ நோ, ஆலன். மை மதர் வுட் க்ரை” என்பேன். அவர் சிரிப்பார். அவருடைய ஒரே மகள் ஜூலி தெற்கே, ஐந்து மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்தார். ஏழு மாதமாக அவர் வந்திருக்கவில்லை. வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேச்சும் விழுங்கலும் சோதிக்கும் சிகிச்சையாளர் வந்தார். ஒரு கோப்பையில் வெறும் தண்ணீர் கொடுத்தார். நான் ஆலனின் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆலன் குடித்தார். இருமவில்லை. இன்னொரு வாய், பிறகு இன்னொன்று. “ஹீ ஹாஸ் பாஸ்ட்” என்று சிகிச்சையாளர் கோப்பில் எழுதினார். நான் ஓடிப்போய் ஒரு கோப்பைத் தேநீர் போட்டு வந்தேன், மாவு கலக்காத தேநீர். அவர் முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் வரவேற்பறையில் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் நான் எடுத்தேன். ஜூலி. என் மகிழ்ச்சியில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“ஜூலி, யுவர் ஃபாதர் ஹாஸ் பாஸ்ட்! திஸ் மார்னிங். வெரி நைஸ்லி. நோ காஃப், நத்திங்.”

மறுமுனையில் அழுகை கேட்டது. பரீட்சை முடிவு வரும் நாளில் எங்கள் பாடசாலை வாசலில் தாய்மார் அழுவதைப் பார்த்துப் பழகியவள் நான். சந்தோஷத்தில் அழுகிறார் என்றே நினைத்தேன். “டோன்ட் க்ரை, வீ ஆர் ஆல் ஸோ ஹேப்பி” என்று வேறு சொன்னேன். அவர் “ஐ’ம் கமிங்” என்றார். இணைப்பு அறுந்தது. மகள் வரப்போகிறாள் என்று ஆலனிடம் போய்ச் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து ஜூலி வழியில் காரை நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டார். இம்முறை மொரீன் எடுத்தார். தான் வந்து சேரும்வரை அப்பாவின் உடலை யாரும் எடுத்துப்போக விடவேண்டாம் என்று ஜூலி கெஞ்சியிருக்கிறார். மொரீன் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே திரும்பிச் சாப்பாட்டு அறையைப் பார்த்தார். ஆலன் அங்கே உட்கார்ந்து கஸ்டர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஜூலி, பெட்,” என்றார் மொரீன் மெதுவாக, “உன் அப்பா என் கண்ணெதிரே இனிப்புச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.” பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறிய விதத்திலேயே நான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன். என்ன செய்தேன் என்பதை அவர் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து விளக்கவேண்டியிருந்தது.

ஜூலி பாதி வழியில் திரும்பிப் போகவில்லை. மாலை நான்கு மணிக்கு வந்தார். நேரே அப்பாவிடம் போய் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். ஆலன் அவர் தலையைத் தடவிக்கொண்டே, “யார் செத்தது?” என்று கேட்டார். அரை மணி நேரம் கழித்து ஜூலி வெளியே வந்தார். நான் தாழ்வாரத்தில் காத்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “நான் இரண்டு மணி நேரம் என் அப்பா இல்லாத உலகத்தில் கார் ஓட்டினேன். அது உனக்குப் புரிகிறதா?” என்று கேட்டார். புரிகிறது என்றேன். “இல்லை, உனக்குப் புரியாது” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

மறுநாள் மேலாளர் என்னை அழைத்தார். இனித் தொலைபேசியைத் தொடக்கூடாது என்றார். நடந்ததை என் கோப்பில் எழுதினார். ஜூலி முறைப்பாடு கொடுத்தால் மேற்கொண்டு விசாரணை இருக்கும் என்றும் சொன்னார். என் விசா அந்த இல்லத்தின் பெயரில் இருந்தது. வேலை போனால் விசாவும் போகும். அடுத்த பத்து நாளும் வாயைத் திறக்கவே பயந்துகொண்டு வேலை செய்தேன். யாராவது ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டினேன். ஆலன்கூட, பூனை உன் நாக்கைக் கவ்விக்கொண்டு போய்விட்டதா என்ற பொருளில், “கேட் காட் யுவர் டங்?” என்று கேட்டார். அதையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளப் போய், எழுதாமல் மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் என்றால் அவருக்குப் பரீட்சை மட்டும்தான் தெரியும். செத்துப்போவதற்கும் அதே சொல்தான் என்று விளக்கினேன்.

“ஏன் புள்ள, நாம மட்டும் என்னா சொல்றோம்? தவறிட்டாருன்னுதானே சொல்றோம். அப்பா செத்தன்னிக்கி ஒனக்கு ஞாபகம் இல்லியா?”

ஞாபகம் இருந்தது. அன்று நான் வகுப்பில் தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். தோட்டத்துக் கங்காணி வேர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்று, “டீச்சர், அப்பா தவறிட்டாருங்க” என்றார். அப்பா மலை ஓரமாகப் புல் அறுக்கப் போகிறவர். கால் தவறி விழுந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். “எங்கங்க விழுந்தாரு? அடி பலமா?” என்று கேட்டுக்கொண்டே பையைத் தேடினேன். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். என் தாய்மொழியில், என் சொந்த ஊரில், நன்றாகத் தெரிந்த மனிதர் சொன்ன அந்த ஒரு சொல்லை என்னால் சரியாகக் கேட்க முடியவில்லை. மனது அதைக் கேட்க மறுத்தது.

“அதுதான்டி,” என்றார் அம்மா. “அந்த ஜூலிப் புள்ளக்கி அப்பா செத்தது பொய்யின்னு ஆயிருச்சு. ஒனக்கு அது கெடைக்கல. அவ திட்டட்டும் விடு.”

எனக்கு விசித்திரமாக இருந்தது. பரீட்சையில் தேறாதவனையும் தவறிவிட்டான் என்கிறோம், இறந்தவரையும் தவறிவிட்டார் என்கிறோம். இந்த ஊர்க்காரர்களுக்கு இறந்தவர் தேறியவர். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமே சாவு என்ற சொல்லை நாக்கில் வைக்கப் பயந்துதான் சுற்றிப் போகிறோம். அந்தச் சுற்றுப் பாதையில்தான் என்னைப் போன்றவர்கள் வழி தவறுகிறோம்.

பதினோராம் நாள் ஜூலியின் கடிதம் வந்தது. மேலாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். தான் முறைப்பாடு கொடுக்கப்போவதில்லை, ஆனால் நடந்தது சிறிய விஷயமும் இல்லை என்று எழுதியிருந்தார். ஏழு மாதம் வராமல் இருந்தது தன்னுடைய பிழை, அதை அந்தக் காரில்தான் உணர்ந்ததாகவும், இந்தப் பெண்ணை அனுப்பிவிடவேண்டாம், அப்பாவுக்கு நல்ல தேநீர் போட்டுக் கொடுக்கிறாள் என்றும் எழுதியிருந்தார். அதன்பின் அவர் மாதம் ஒருமுறை வந்தார். என்னோடு அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு நாள் கிளம்பும்போது, “அவரை நன்றாகப் பார்த்துக்கொள், பெட்” என்றார். தெற்கத்திக்காரர்கள் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. அப்பாவின் ஊருக்கு அடிக்கடி வந்ததில் பழைய பேச்சு திரும்பியிருக்கவேண்டும்.

மூன்று வருடம் கழித்து, இந்த வருடம்தான் விடுமுறையில் ஊருக்குப் போனேன். ஒரு நாள் பதுளையில் சாமான் வாங்கிக்கொண்டு பசறை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் வளைவுகளில் ஏறும்போது மொரீனிடமிருந்து செய்தி வந்தது. ஆலன் அன்று விடியற்காலை இறந்துவிட்டார், தூக்கத்திலேயே, ஜூலி பக்கத்தில் இருந்தாள் என்று எழுதியிருந்தார். எந்தச் சொல்லையும் சுற்றி வளைக்கவில்லை. ‘டைட்’, அதாவது இறந்தார், என்றே போட்டிருந்தார். எனக்காகத்தான் அப்படி எழுதியிருப்பார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கவேண்டும். பக்கத்தில் ஜன்னலோரம் காய்கறிப் பையோடு இருந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டார்.

“என்னாங்க, கெட்ட சேதியா?”

“ஆமாங்க. தெரிஞ்சவரு ஒருத்தரு தவறிட்டாரு.”

“அடடா. எந்தத் தோட்டங்க?”

எங்கள் பக்கத்தில் யாரைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. “தோட்டம் இல்லைங்க. தூரம்” என்றேன்.

“எப்ப எடுக்குறாங்களாம்? நீங்க போகலையா?”

“நான் அங்கதாங்க போகணும், அடுத்த கெழம. ஆனா பிந்திரும்.”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, என்னை ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னார். நான் நகர்ந்தேன். வெளியே மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைத் திறந்து காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாத, அவர்களைத் தெரியாத ஒரு மனிதருக்காக, பஸ் பசறை போய்ச் சேரும்வரை அழுதேன்.