நெட்டி அக்காவும் கையெழுத்துப் போடாத சனமும்

நெட்டி எனக்கு அக்கா முறை. அவள் அப்பாவும் என் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். ருஷ்யாவிலிருந்து கனடாவின் மேற்குக் கோடிக்கு வந்து, இந்த மலைப் பள்ளத்தாக்கில் ஊன்றிய டுகபோர் சனம் நாங்கள்; அரசாங்கத்துக்கும் பட்டாளத்துக்கும் தலைவணங்காத கிறிஸ்தவக் கூட்டம்.

புருஷன் வால்டர் செத்த பிறகு அவளுக்கு இருந்தது நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான். முட்டைக்கோஸும் பாலேடும் போட்ட போர்ஷ் சூப்பைக் குடிக்க மரலாரிக்காரர்கள் வண்டியை நிறுத்துவார்கள்.

ஓட்டுக் கேட்டு வந்தபோது வாயே திறக்காத ஒரு வரியை, ஜெயித்த கையோடு அரசாங்கம் அறிவித்தது. அதுவரை தப்பியிருந்த கடைச் சாப்பாட்டின் மேலும் அது விழும். கோடையில் அமலுக்கு வரும். "லாரிக்காரன் வீட்டுலேர்ந்து ரொட்டி கட்டிட்டு வந்துடுவான், நான் கடையை மூட வேண்டியதுதான்" என்றாள் நெட்டி.

தடுக்க ஒரு வழி இருந்தது. மாகாணத்தில் தொகுதி ஒவ்வொன்றிலும் பத்துப் பேரில் ஒருவர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டால், சட்டசபை அதை மறுபடி பேச எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சனத்தின் ஓட்டுக்கு விட வேண்டும். எங்கள் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் வேலையை நெட்டி ஏற்றுக்கொண்டாள்.

எங்கள் சனத்திடமா கையெழுத்து! அரசாங்கக் காகிதம் என்றாலே தாத்தா காலத்திலிருந்து ஆகாது. பிறந்தது, செத்தது எதையும் பதியாத வீடுகள் இருந்தன. பள்ளிக்கு அனுப்பவில்லை என்று போலீஸ் வந்து பிள்ளைகளைத் தூக்கிப்போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டுப் போட ஒருவழியாகப் பழகிவிட்டோம். அது யாருக்கென்று யாருக்கும் தெரியாதே.

போதாததற்கு, நெட்டியின் தங்கை மகன் லாரன்ஸ் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஆபீஸில் வேலை பார்த்தான்.

நெட்டி போய்த் தட்டியபோது என் சம்பந்தி மேபல் கதவைப் பாதிதான் திறந்தாள். "லாரன்ஸுக்கு யாருடி சம்பளம் குடுக்குறது?"

"எம்.எல்.ஏ. ஆபீஸ்ல குடுக்குறாங்க. அதுக்கு நான் என்ன பண்ண?"

"யார் யார் எதிர்க்குறாங்கன்னு அவனுக்குப் பேரு வேணும். நீ வாசல் வாசலா வந்துட்ட. நான் ஒண்ணும் சொல்லல தாயி, நாலு பேர் பேசுறாங்க."

அந்த நாலு பேரில் மூன்று பேர் மேபல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை மண்டபத்தில், ரொட்டியும் உப்பும் தண்ணீரும் வைத்த மேசைக்கு அருகில் நெட்டியின் தாய்மாமன் பீட்டர் எழுந்தார். "இந்த வரி அநியாயம்" என்றார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் எல்லோரும் எழுந்து ஒரே குரலாக "சரி" என்றார்கள். ஒரு சங்கீதம் பாடினோம். நெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் தாளைப் பரப்பி உட்கார்ந்தாள். சனம் அவளைக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போனது. சபையில் சொல்லியாயிற்று, காரியம் முடிந்தது என்று எங்கள் கணக்கு. சபையில் சொன்னது சட்டசபைக்கு எப்படிக் கேட்கும்?

கையெழுத்து வாங்கும் கெடு நெருங்கியதும் பீட்டர் மாமாவின் தோட்டத்துக்கே போனாள். நானும் கூடப் போனேன்.

"மாமா, நீங்க போட்டா எல்லாரும் போடுவாங்க."

அவர் பூண்டுப் பாத்தியிலிருந்து எழுந்து, தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "உன் பேரு எங்க?"

"நான் வாங்குறவ மாமா. கையெழுத்து வாங்க எனக்குக் குடுத்த அட்டையில என் பேரு இருக்கு."

"அது உத்தியோகத்துக்குப் போட்டது. எதிர்க்குறேன்னு நீ போட்டது எங்க?"

நெட்டிக்கு முகம் சிவந்துபோனது. ஊரையே கேட்டவள் தன் பெயரை எழுதவில்லை. அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே, கை வரவில்லை.

"இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் மாமா. "தன் பேரை ஒளிச்சுட்டு எங்க பேரைக் கேக்குறவள எப்படி நம்புறது?"

அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கீழே தன் பெயரை எழுதினார். அந்த வாரமே மேபல் வரை போட்டுவிட்டார்கள்.

மாகாணம் முழுக்கக் கையெழுத்து தேறியது. ஆனாலும் வரி அதற்கு நிற்கவில்லை, சொன்ன கோடையில் வந்தது. குளிர் தொடங்கும்போது முதல்வர் விலகுவதாகச் சொன்னார். "ஆளை மாத்தி வரியைக் காப்பாத்தப் பாக்குறாங்க" என்றோம். எதிர்க்கட்சித் தலைவரும் பதவியை விட்டுப் போனார். "ரெண்டு பேரும் கூட்டு" என்றோம். புது முதல்வர் வந்தார், வரி வேண்டுமா வேண்டாமா என்று தபாலில் ஓட்டு நடந்தது, வரி வேண்டாம் என்று ஜெயித்தோம். ஜெயித்தும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் அதை வசூலித்தார்கள். லாரன்ஸின் வேலையும் போயிற்று. "நம்மளோடவே இருந்து வேவு பாக்க அனுப்பியிருக்காங்க" என்றாள் மேபல்.

நெட்டி பாதி நாள் மட்டும் கடையைத் திறந்து ஒப்பேற்றினாள். வரி போன மறுநாள் பீட்டர் மாமா வந்து போர்ஷ் குடித்தார். பில்லை வெளிச்சத்தில் பிடித்தார்.

"வரி இல்லையே?"

"இல்ல மாமா."

"என் பேரு எங்கயாவது இருக்கா?"

"சூப்புக்கு எதுக்கு மாமா பேரு?"

அவர் பில்லை என் பக்கம் தள்ளினார். "நீயும் ஒரு தடவை பாரு."