கிணற்றடிக் கயிறும் மஞ்சள் சேலையும்

போலீஸ் வேலையில் பிணத்தைப் பார்த்துப் பயப்படுகிற காலம் சீக்கிரம் முடிந்துவிடும். பிணத்தைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிற காலம் ஓய்வு பெறும்வரை முடியாது.

திருத்தணிப் பக்கம் நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது பார்த்த ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். காக்கி போட்டவர்களும், வீட்டில் ஒரு காக்கிச்சட்டையை வைத்துக்கொண்டு ஆறிப்போன சோற்றோடு காத்திருப்பவர்களும் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள்.

முதலில் கயிறு

அம்மையார்குப்பத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊர். வீட்டுக்கு வீடு தறி. அங்கே வயல் கிணற்றில் ராணி என்ற நெசவுக்காரப் பெண் மிதக்கிறாள் என்று காலையில் தகவல் வந்தது. ஜீப்பை நிறுத்துவதற்குள் உடலைத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டார்கள். புருஷன் தனபால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "தண்ணி மொள்ள வந்தா மேடம். கால் வழுக்கிட்ச்சி" என்றான். ஊரும் அதையே சொன்னது.

எப்படிச் செத்தார் என்று தெரியாதவரை கொலை என்றே நினைத்து இடத்தைக் காக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. ஏட்டு மல்லிகாவும் நானும் பம்புசெட் கம்பத்திலிருந்து வேப்பமரம் வரை கயிறு கட்டினோம். கட்டி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துவிட்டார். வெளியே போகச் சொன்னதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"இது எங்க பங்காளி கெணறும்மா. எங்க கெணத்த நாங்க பாக்கறதுக்கு கவர்மெண்ட்டு கயிறு கட்டினா இன்னா அர்த்தம்?"

மோப்ப நாய் வந்தது

மாவட்டத் தலைநகரிலிருந்து மோப்ப நாய் வந்ததும் கூட்டம் இரண்டு மடங்கானது. பள்ளிப்பட்டுப் போகிற பஸ்ஸைக்கூட நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். நாய் கிணற்று மேட்டை மோந்தது, வரப்பில் கொஞ்ச தூரம் ஓடியது, திரும்பி வந்தது, வேப்பமர நிழலில் படுத்துக்கொண்டது. கூட்டத்தில் ஒருவன் கைதட்டினான். எனக்கு முகம் சுருங்கிப் போனது. நாயைப் பிடித்திருந்த போலீஸ்காரர் மட்டும் அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அதைக் குத்தம் சொல்லாதீங்க மேடம். ஊரே இந்த வழியா நடந்துட்டு வந்து நிக்குது. அது எத்தனை பேரைக் கவ்வும்?"

அறுக்க வேண்டாம் என்றார்கள்

உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றதும் ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், விபத்துக்கு எதற்குப் பிரேதப் பரிசோதனை, பெண்பிள்ளை உடம்பு, பாவம் இல்லையா என்று ஆளாளுக்குப் பேச்சு. செல்போனிலும் இரண்டு பேர் "பாத்து முடிச்சிக் குடுங்க" என்றார்கள். முடியாது என்றேன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். நானும் அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் எல்லாருக்கும் பொதுதானே.

அப்போதுதான் ராணியின் தங்கை கமலா, ஆந்திர எல்லையிலுள்ள நகரிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. நேரே என்னிடம் வந்தாள். "வாசல்லயே கொழா இருக்குது மேடம். அக்கா எதுக்கு கெணத்தாண்ட போறா? என்கூட வந்துடறேன், அங்கயே தறி போட்டுக்கறேன்னு போன வாரந்தான் சொல்லிகினு இருந்தா." பெரியவர் ஒருவர் அவள் தோளைத் தொட்டு, ரத்த சொந்தம் நீ சொன்னால் போலீஸ் கேட்கும், அறுக்க வேண்டாம் என்று சொல்லம்மா என்றார். அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

"அறுங்க மேடம். உசுரோட இருக்கசொல்ல அவ சொன்னத இங்க ஒருத்தரும் கேக்கல. செத்தப்புறமாவது கேளுங்க."

நிற்காத தறி

மறுநாள் டாக்டர் சொன்னார்: நுரையீரலில் தண்ணீர் இல்லை, பின்தலையில் பலமான அடி, தண்ணீரில் விழுமுன்பே உயிர் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தனபால் வீட்டுக்குப் போனோம். தெருவிலேயே தறிச் சத்தம் கேட்டது. மனைவியின் உடல் பிணவறையில் இருக்கிறது. இவன் குழித்தறியில் கால் வைத்து நெய்துகொண்டிருக்கிறான். மாம்பழ மஞ்சளில் ஒரு பருத்திச் சேலை. ராணி பாதி நெய்து வைத்திருந்தது. "ஒத்துக்கின வேல மேடம், முடிச்சிக் குடுக்கணும்" என்றான்.

தரை முழுக்கப் புதுச் சாணம் மெழுகியிருந்தது. தடயவியல் நிபுணர் மூலை முடுக்கெல்லாம் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. எனக்கோ தறியை விட்டுக் கண் நகரவில்லை. நெய்த துணி, நெய்கிறவர் மடிக்குப் பக்கத்தில் இருக்கிற உருளையில் சுருண்டுகொண்டே போகும். இவன் விடாமல் நெய்தால் எது உள்ளே போகும்? எழுந்திருக்கச் சொன்னேன். குழியை விட்டுக் காலை எடுக்க அவனுக்கு மனமே வரவில்லை. படம் எடுத்து, வீடியோ எடுத்து, கையுறை போட்டு உருளையைப் பின்னுக்குச் சுற்றினோம். கோணல்மாணலாகக் கொஞ்சம் துணி வந்தது. அது அவன் கை. அதற்குப் பிறகு ராணியின் சீரான நெசவு. அதன்மேல் கடுகு தெளித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். வெட்டினால் நூல் கொடுத்த முதலாளி கேட்பார், கழுவினால் தறியில் பூட்டிய பாவு நூல் கெடும் என்று நெய்து சுருட்டியே மறைக்கப் பார்த்திருக்கிறான். மல்லிகாதான் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தினி வருசம் அவ ஒண்டியா நெய்தா. அவ செத்தப்புறந்தான் உனக்கு வேல செய்யணும்னு தோணிச்சா?"

சாட்சிக் கையெழுத்து

அந்தத் துணியைக் கைப்பற்ற ஊர்க்காரர் இருவர் முன்னிலையில் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் ஆயிற்று. இன்னொருவர்? முந்தின நாள் கயிற்றுக்கு மேல் எட்டிப் பார்த்த ஊர் அன்று கதவைச் சாத்திக்கொண்டது. ஒருவருக்குக் கண் சரியில்லை, ஒருவர் கல்யாணத்துக்குப் போகணும். வீடு வீடாக நானே போய்க் கேட்டேன். தெரு முடிந்ததும் மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

எதிர்வீட்டு ஏகாம்பரம் பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். ஆனால் எழுதவில்லை. கோர்ட்டுக்கு அலையணும், நாளைக்கு அவன் சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்கணும் என்று இழுத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவன் அடிக்கசொல்லல்லாம் சத்தம் கேக்குதுன்னு கதவ சாத்திக்கினோம். இப்ப ஒரு கையெழுத்துதானே. போடுய்யா."

கூண்டில்

கமலாவிடம் போனால் ராணி திரும்ப மாட்டாள் என்று தெரிந்ததால் தறிக்கட்டையை எடுத்து அடித்தேன் என்று தனபால் என்னிடம் சொன்னான்தான். ஆனால் போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது. துணிதான் பேச வேண்டும். அது ராணியின் ரத்தம் என்று ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. ஏகாம்பரமும் மனைவியை அழைத்துக்கொண்டு வந்து, தன் கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கமலாவை விடவில்லை. ஆரம்பம் முதலே அக்கா புருஷன்மேல் உங்களுக்கு விரோதம், அதனால்தான் பொய்ச்சாட்சி என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கமலா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்காவ கட்டிக்கின நாள்லருந்து பாவா பாவான்னுதாங்க கூப்ட்டேன். விரோதம் இருந்தா அப்பவே அக்காவ கூட்டினு போயிருப்பேனே, சாமி."

ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்த பிறகு அந்த ஊருக்கு ஒரு முறை போனேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எனக்கு முன்பே கொலை என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

கொலை வழக்கு ஜெயித்துவிட்டால் அது முதல் நாளே ஊருக்கு வந்த சந்தேகம், தோற்றுவிட்டால் மட்டும் அது போலீஸ்காரிக்கு வந்த சந்தேகம்.