கம்பிவலைக்குள் காபி நேரம்

என் நாத்தனார் பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவராகத்தில் எங்களோடு இருக்க வந்தபோது ஒரு பெட்டியும் இரண்டு பொமரேனியன் நாய்களும் கொண்டுவந்தாள். தாயும் மகளும். இரண்டையும் ஒரே துணிப்பையில் போட்டுத் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் உருவம். எனக்கு நாய் பழக்கமில்லை.

"கோலம் போடற பக்கம் வராம பாத்துக்கோ" என்றேன்.

"சரி மன்னி" என்றாள். அவள் எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டாள். ஒரே வீட்டில் இருவரும் மரியாதையாகத் தள்ளித் தள்ளி இருந்தோம்.

எங்கள் கொல்லை நீளமானது. கடைசியில் மதில், அதற்கப்பால் ஓடை. நகரத்துக்கு நடுவில்தான் என்றாலும் அந்த வழியாகக் கீரி வரும், உடும்பு வரும். பலாமரத்தில் பருந்து உட்கார்ந்திருக்கும். நாய்கள் வரும்வரை நான் அவற்றைப் பொருட்படுத்தியதே இல்லை. நாத்தனாரோ வெயில் இல்லாதபோதுகூடக் குடையை விரித்துக்கொண்டு நாய்களுக்குப் பின்னாலேயே நடப்பாள். பருந்து தூக்கிவிடுமோ என்ற பயம். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஓர் இடவப்பாதி மழைக்காலத்தில், மழை விட்டிருந்த காலை நேரம். என் வீட்டுக்காரர் கோவிலுக்குப் போயிருந்தார். நான் கொடியில் வேஷ்டியை உலர்த்திக்கொண்டிருந்தேன். மகள் நாய் கத்திய கத்தலில் திரும்பிப் பார்த்தால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தாயை ஒரு மலைப்பாம்பு சுற்றியிருந்தது. என் கையளவு தடிமன். சுருளுக்கு வெளியே வெள்ளை ரோமமும் ஒரு காதும்தான் தெரிந்தன.

நாத்தனார் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அப்படியே குனிந்து பாம்பின் வாலைப் பிடித்துச் சுற்றைப் பிரிக்கத் தொடங்கினாள்.

தொட வேண்டாம், ஆளைக் கூப்பிடுகிறேன் என்று மதிலுக்கு மேலிருந்து பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி அலறினாள்: "ஐயோ, தொடண்டா! ஆளை விளிக்கட்டே!"

"மன்னி, தலையைப் பிடிங்கோ!"

அவள் என்னை அதட்டியது அதுதான் முதல்தடவை. கையிலிருந்த ஈர வேஷ்டியைப் பாம்பின் தலைமேல் போட்டு இரண்டு கைகளாலும் அமுக்கினேன். துணிக்கடியில் அது நெளிந்தது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அவள் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். நாய் பொத்தென்று தரையில் விழுந்தது. நான் கையை எடுத்ததும் பாம்பு மதிலோரம் போய்ச் சுருண்டுகொண்டது.

நாய் மூச்சுவிடாமல் கிடந்தது. மடியில் போட்டு அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது ஒரு தும்மல் போட்டது. அவள் அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "மன்னி, நீங்க பாம்பைப் பிடிச்சேளே!" என்றாள்.

"நானா? நீ பிடின்னே, பிடிச்சேன்."

ஈரத்தரையில் உட்கார்ந்தபடியே இருவரும் சிரித்தோம். சேச்சி கூப்பிட்ட ஆள் வந்து, பாம்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு, பொன்முடிப் பக்கம் காட்டில் விடுவதாகச் சொல்லிப் போனார்.

அந்த வாரமே கொல்லைக் கதவிலிருந்து கிணற்றடிவரை கம்பிவலை அடித்தோம். மேலேயும் வலை; கீழே மண்ணுக்குள் புதைத்துச் சிமெண்ட் பூசினோம். நாய்கள் உள்ளே விளையாடும். அவற்றைத் தனியாக விட மனமில்லாமல் நாங்களும் நாற்காலி போட்டுக்கொண்டு உள்ளேயே சாயங்காலக் காபி குடிப்போம். கீரி ஒன்று குட்டிகளோடு வந்து வெளியே நின்று எங்களைப் பார்க்கும்.

"இது மிருகசாலை ஆயல்லோ! மிருகம் வெளியே, நிங்கள் உள்ளே" என்று சேச்சி சிரிப்பாள்.

அந்த வலைக்குள்தான் நாத்தனாரும் நானும் பேசப் பழகினோம். நிச்சயமாகி நின்றுபோன அவள் கல்யாணத்தைப் பற்றி, அவள் அண்ணாவிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னாள். நான் என் பிறந்தகத்துக் கதைகளைச் சொன்னேன். பேச்சுக்கு நடுவே மகள் நாய் என் மடியில் ஏறித் தூங்கிவிடும். நான் இறக்கிவிட்டதில்லை.

வருஷங்கள் கழித்துத் தாய்நாய் வயதாகிப் படுத்துக்கொண்டது. ஒரு மத்தியானம் நாத்தனார் மடியிலேயே போயிற்று. "பாம்பு, பருந்துன்னு ஒண்ணும் கொண்டுபோகலை மன்னி. தானாத்தான் போச்சு" என்றாள். அழுதாலும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பிறகு மகளும் அப்படியே போயிற்று.

இப்போது நாத்தனாரும் இல்லை. வலையைக் கழற்றிவிடலாமா என்று போன மாதம் அவர் கேட்டார். கோவைக்கொடி படர்ந்து காய்க்கிறது, இருக்கட்டும் என்றேன்.