யாரிடமும் தராத குழந்தை

எங்கள் பஸ்ஸில் கைக்குழந்தைக்குச் சீட்டுப் பிடிக்க வேண்டியதில்லை. மல்லசமுத்திரத்தில் ஒருத்தி குழந்தையோடு ஏறி நின்றால், உட்கார்ந்திருப்பவள் எவளாவது "இங்க குடு கண்ணு" என்று கையை நீட்டிவிடுவாள். பெயரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. அம்மா கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டே வருவாள். குழந்தை யாரோ ஒருத்தி மடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு சேலம் வரைக்கும் வரும். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பில் போடுகிறவள். தினமும் இதே பஸ்தான். என் புடவையை நனைத்த குழந்தைகளுக்குக் கணக்கே கிடையாது. கடைக்குப் போனால் முதலாளி மூக்கைச் சுளிப்பார். சுளித்துவிட்டுப் போகட்டும்.

அதனால்தான் மலர்விழி மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல். வியாழக்கிழமையானால் ஏறுவாள். பெண் குழந்தை, சௌமியா என்று பெயர். இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. வேகாத வெயிலிலும் அதன் இடுப்புக்குக் கீழே ஒரு பூப்போட்ட துண்டைச் சுற்றி இறுக்கியிருப்பாள். யார் கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்று ஒரே பதில். தோளில் பை, கையில் பிள்ளை, பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் தள்ளாடுவாள், ஆனாலும் தரமாட்டாள்.

என் பக்கத்துச் சீட்டு மாரியாயிக்கு அது இன்னும் வருத்தம். செவ்வாய்ப்பேட்டைக் குடோனில் புளி தட்டி, கொட்டை எடுக்கிற வேலை அவளுக்கு. குழந்தை என்றால் உயிர். இரண்டு முறை கையை நீட்டிவிட்டு வெறுங்கையை மடக்கிக்கொண்டாள். "உடுங்கக்கா, அவ புள்ள தங்கத்துல பண்ணுனதாட்ட இருக்குது. நாம தொட்டாத் தேஞ்சுபோயிரும்" என்று மலர்விழி காதில் விழும்படியே சொன்னேன்.

மலர்விழியின் கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போல அவளைத் திமிர் பிடித்தவள் என்றே நினைப்பீர்கள். பிறந்தது பனமரத்துப்பட்டி, வாக்கப்பட்டது எங்கள் ஊருக்கு. கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் வேலை பார்த்தவள். புருஷன் சிவபிரகாஷ் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போர்க்கிணறு தோண்டிக்கொண்டு கிடக்கிறவன். ஊருக்கு எப்போதாவது வருவான், மற்றபடி போன்தான். குழந்தைக்குப் பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கியிருந்தன. இது பல குழந்தைகளுக்கு வருவதுதான், வாரம் தவறாமல் வந்து மாவுக்கட்டை மாற்றிக்கொண்டால் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிவிடும், நடுவில் விட்டால் பழையபடி திரும்பிக்கொள்ளும் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மாமியார் பேத்தியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தாள். "கெரகணத்தன்னைக்கு வெளிய வந்துட்டயாக்கும்" என்றாள். எங்கள் பக்கம் மாசமாக இருப்பவள் கிரகணத்தில் வாசல் தாண்டக் கூடாது, கத்தி அரிவாள்மணை தொடக் கூடாது. பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால் முதல் கேள்வி அதுதான். மாமியார் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பொட்டப்பிள்ளை, நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான், கால் நேராகிற வரைக்கும் ஒருத்தர் கண்ணிலும் படக் கூடாது, பட்டுவிட்டால் ஆஸ்பத்திரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிட என்று சொல்லிவிட்டாள். அந்தத் துண்டுக்குக் காரணம் இதுதான். யாராவது ஒருத்தி பார்த்துவிட்டால் குழந்தையின் வைத்தியம் நின்றுவிடும்.

வைகாசியில் ஒரு வியாழன், பெரிய முகூர்த்த நாள். பஸ் ஸ்டாண்டில் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக ஊரே நின்றது. நானும் மாரியாயியும் முன்னாலேயே ஏறிவிட்டோம். மலர்விழி முன்வாசலில் முட்டிப் பார்த்தாள், முடியவில்லை. இந்த பஸ்ஸை விட்டால் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற நேரம் தாண்டிவிடும். ஓடி வந்து, எங்கள் ஜன்னல் வழியே "அக்கா, புடிங்க" என்று குழந்தையை மாரியாயி கையில் திணித்தாள். துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி எங்கள் ஊரில் பிள்ளையை உள்ளே கொடுத்துவிட்டு ஏறுவது ஒன்றும் புதிதில்லை. கொடுத்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். விசில் அடித்தது, பஸ் கிளம்பிவிட்டது.

அவள் ஏறியிருப்பாள் என்றே நினைத்தோம். குழந்தை மடியில் பத்திரமாக இருக்கும்போது எங்கள் பஸ்ஸில் யாரும் அம்மாவைத் தேடுவதில்லை. கூட்டத்தில் எங்காவது நின்றுகொண்டிருப்பாள், ஊர் வந்தால் வாங்கிக்கொள்வாள். எதிரே வெறும் காடும் தோட்டமுமாக ஓடிக்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டது. கண்டக்டர் சபரிநாதன் நசுங்கிக்கொண்டு வந்தான்.

"புள்ளையோட அம்மா எங்கீங்க?"

"பின்னாடி நிக்குது."

"பின்னாடி பூராவும் ஆம்பளைங்கதானுங்க."

கேள்வி வாய்க்கு வாய் பின்சீட்டு வரை போனது. அப்படி யாரும் இல்லை என்று அதே வழியில் திரும்பி வந்தது. சபரிநாதன் விசிலை ஊதி, ஆட்டையாம்பட்டிக்கு முன்னாலேயே ரோட்டோரம் வண்டியை நிறுத்தச் சொன்னான். ஒரு பட்டுவேட்டிக்காரர் வாட்சைப் பார்த்தார். "முகூர்த்தம் போயிருமுங்க" என்றார். "தாலி கட்டப்போறது நீங்களா?" என்று கேட்டேன்.

அழுகிற குழந்தையை மாரியாயி தூக்கி ஆட்டினாள். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு காலிலும் தொடை வரைக்கும் வெள்ளை மாவுக்கட்டு; விரல்நுனி மட்டும் வெளியே தெரிந்தது. சுற்றி இருந்த எல்லோரும் பார்த்தோம். நான் என்னவெல்லாம் பேசியிருந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. மாரியாயி புளிக்கறை படிந்த கையால் அந்த விரல்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

பால் கேன் கட்டிய யாரோ ஒருவரின் மொபெட்டில் மலர்விழி வந்து இறங்கினாள். தலை கலைந்திருந்தது, ஒரு காலில் செருப்பில்லை. வழிவிட்டோம். ஓடி வந்தவள் குழந்தையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் மாமியாருக்குத் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். குனிந்து துண்டை எடுத்துச் சுற்றப் பார்த்தாள், பாதியிலேயே விட்டுவிட்டாள்.

அப்போது பார்த்து மாரியாயி கேட்டாள். "ஏஞ்சாமி, மாசமா இருக்கையில கெரகணத்துல வெளிய வந்தியா?"

எனக்கு வந்த கோபத்தில் அவள் தொடையைக் கிள்ளினேன். மாரியாயி என் பக்கம் திரும்பவே இல்லை.

மலர்விழி நிமிர்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"வரலீங்க. அது ராத்திரிக் கெரகணமுங்க. பொழுதெறங்குனதும் ஊட்டுக்குள்ள போயிப் படுத்துட்டேன். சன்னல்ல போர்வை கட்டித் தொங்க உட்டிருந்தேன். தண்ணி குடிக்கலீங்க. அரிச்சாக்கூடச் சொறியாமக் கெடந்தேன். இத யாருமே எங்கிட்டக் கேக்கலீங்க. வந்துட்டேன்னு அவங்களாவே சொல்லிட்டாங்க."

"உள்ளயே இருந்துமா இப்படி?"

"உள்ளயேதானுங்க இருந்தேன்."

மாரியாயி முகம் போன போக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் மகன் சின்னான் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடப்பான், எங்களுக்கெல்லாம் தெரியும். பிறவி என்பதற்கு மேல் அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"நான் வந்தேன் சாமி" என்றாள். "ஆடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போனேன். பட்டப்பகல்ல இருட்டுக் கட்டுது. புடிச்சுக் கட்டிப்போட்டுட்டு உள்ள ஓடியாந்துட்டேன். எம்பையன் நொண்டி நொண்டி நடக்கறப்பெல்லாம் நான் எங்காலத்தான் பாத்துக்குவேன். நாம வந்ததுனாலதான்னு." மலர்விழியை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப, நானில்லையா சாமி?"

"நீங்க இல்லீங்கக்கா" என்றாள் மலர்விழி.

பஸ் கிளம்பியது. ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் நாங்கள் பயந்தது நடந்தது: அன்று சாயந்தரமே சேதி மாமியார் காதுக்கு எட்டிவிட்டது. இனி படி தாண்டக் கூடாது என்று வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். அடுத்த வாரம் மலர்விழி வரமாட்டாள் என்றே நான் நினைத்திருந்தேன். வந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே மாமியாரும் ஏறினாள்.

எப்படி என்று பிறகு மலர்விழிதான் சொன்னாள். அந்தக் கத்தலுக்கு நடுவில் மாரியாயி அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். பெற்ற மகனிடம்கூடச் சொல்லாததை, தெருவே கேட்கும்படி சொல்லியிருக்கிறாள்:

"ஏனுங்க, உங்க மருமக உள்ளதான் இருந்துச்சு. நாந்தான் வெளிய வந்தவ. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் காலுதான பொறந்துச்சு?"