தேயிலைப் பெட்டிப் படகு

எழுபதுகளில் வண்டிப்பெரியார் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒருவர் ஆற்றில் வாடகைப் படகு விட்டார். அதைப் பார்த்து, கல்லூரி விடுமுறையில் நானும் நண்பனும் தேயிலைப் பெட்டியின் பிளைவுட் பலகையில் சொந்தமாக ஒரு படகு அடித்தோம். தேயிலையில் ஈரம் படாமல் காக்கிற பலகை ஆற்றையும் தாங்கிவிடும் என்று நினைப்பு. இருவருக்கும் நீச்சல் தெரியாது.

முதலில் அவன் ஏறினான். கயிறு என் கையில் இருந்தது. ஊரில் மழையே இல்லை. ஆனாலும் தண்ணீர் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது.

துணி துவைத்துக்கொண்டிருந்த எஸ்டேட் குடியிருப்பில் பக்கத்து லயத்து அக்கா கத்தினார். "ஏலே, மேல மழை பேஞ்சிருக்கு. துவைக்கிற கல்லு முங்குது பாரு. கரைக்கு வாலே!"

"நீங்களும் ஏறுங்கக்கா, பாலம் வரைக்கும் ஓசி!" என்றான் அவன்.

அக்கா சிரிக்கவில்லை. வாளியைக்கூட விட்டுவிட்டு மேடேறினார். அதைப் பார்த்ததும் கயிற்றை இழுத்தேன். ஊறிய பலகை அடுக்கடுக்காக உரிந்து, கயிறு கட்டியிருந்த ஆணி மட்டும் என்னிடம் வந்தது; படகு துவைக்கிற கல்லை ஒட்டி இழுபட்டது.

"மச்சான், கல்லுல குதிலே!" என்று அலறினேன்.

குதித்தான். முழங்கால் தண்ணீரில் துவைக்கிற கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தவனைக் கயிறு வீசி இழுத்தேன். படகு பாலத்தூணில் மோதியபோது தீப்பெட்டி நசுங்குகிற சத்தம்தான் கேட்டது.