சுண்ணாம்புக் கோட்டுக்குள் அக்கா வாழ்ந்த ஒரு பகல்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இன்று, திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் தோழமைகளுக்கும் தம்பி எழுதுகிறேன். பேசச் சொன்னால் நான் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்து நானாகப் பழகிக்கொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இராயபுரத்தில், மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எட்டாவதோடு அக்காவின் படிப்பு நின்றது. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, சமையல் பொறுப்பாளராக ஓய்வு பெற்றார். சாம்பார் ஊற்றும்போது அவர் "இன்னும் கொஞ்சம் வுடவா ராசா" என்று கேட்பதைக் கேட்கவே தொழிலாளர்கள் வரிசை மாறி வந்து நிற்பார்களாம்.

திருமணமான சில வருடங்களில் மாமா லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. அதன் பிறகு சக்கர நாற்காலி. எங்களுக்குக் கிடைத்த வாடகை வீடுகளிலெல்லாம் வாசலில் படி. மாமா தெருவைப் பார்க்க இரண்டு பேர் தூக்க வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் கட்டிலோடு தூக்க வேண்டும். கூப்பிடக் கூச்சப்பட்டே மாமா வாரக்கணக்கில் உள்ளே கிடப்பார். அக்கா வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: "யாரையும் கூப்டாம அந்தாளு வாசலுக்கு வரணும்."

ஓய்வுப் பணம் வந்தது. விம்கோ நகரில் வாங்கிப்போட்டிருந்த சின்ன மனையில் வீடு கட்ட முடிவானது. அஸ்திவாரம் முதல் கடைசி பல்பு வரை தானே முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பதாக ஒரு கான்ட்ராக்டர் தம்பி வந்தார். வழவழப்பான தாளில் கொட்டேஷன். ஆடி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் மாடுலர் கிச்சன் இலவசம். வாழ்நாளெல்லாம் புகையில் நின்ற அக்கா அந்தச் சமையலறைப் படத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் போடு போடு என்றோம்.

அக்கா போடவில்லை. "வூட்ல ஒரு நாள் இருந்து பார்த்துட்டுப் போடறேன்" என்றார்.

"இன்னாக்கா, வூடே இல்லியே?" என்றார் கான்ட்ராக்டர்.

"அதான் காயிதத்துல கட்டிட்டியே நைனா. உள்ள பூந்து பார்க்கலாம் வா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கான்ட்ராக்டரோடு மனைக்குப் போனோம். கொட்டேஷனில் இருந்த வரைபடத்தை அதே அளவில் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடாகப் போட்டோம். கடல்காற்று கூடத்தில் நுழைந்து சமையலறை வழியாக வெளியே போனது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. அந்த வெயிலில் வெள்ளைக் கோடுகள் மெல்ல எழும்பிச் சுவராவது போலவும், எங்கள் மேல் நிழல் விழுவது போலவும் எனக்குத் தோன்றியது. மறந்துபோய் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டேன். "செவுத்துல முட்டிக்காதடா, வாசப்படி அங்க கீது" என்றார் அக்கா. தெருநாய் ஒன்று படுக்கையறையில் போய்ச் சுருண்டுகொண்டது. "சாவி வாங்காமலே குடி வந்துட்டான் பாரு" என்றார் ஆட்டோவில் வந்து இறங்கிய மாமா.

மாமா நாற்காலியைக் குளியலறைக்குள் திருப்பினார். சக்கரம் கோட்டை அழித்துக்கொண்டு போனது. "இன்னாமே, வந்த அன்னிக்கே செவுத்த இடிச்சிட்டேன்." அக்கா பொடியை எடுத்து அந்த அறையை அகலமாக்கினார்.

பிறகு வாசலுக்கு வந்தார். "வூட்டத் தூக்குற பேஸ்மென்ட் மூணடின்னு போட்டுகிறியே, எங்கேந்து மூணடி?"

"தரையிலேந்துதாங்க்கா."

"எந்தத் தரை? நான் நிக்கிறதா, நீ நிக்கிறதா?"

அக்கா மனைக்குள் நின்றார். கான்ட்ராக்டர் ரோட்டில் நின்றார். ரோடு அக்காவின் முழங்காலுக்கு இருந்தது. புதுசாகப் போடும்போதெல்லாம் ரோடு ஏறிக்கொண்டே போவது நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? அந்த மூன்றடியில் பாதியை ரோடே தின்றுவிடும்.

கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். "ரோட்லேந்தே மூணடி வெச்சிக்கலாம்கா. ஆனா படி சாஸ்தியாவும்."

"படி வேணாம். சேர் உருண்டு வர்ற மாதிரி சரிவு வேணும்."

"அவ்ளோ உசரத்துக்குச் சரிவுன்னா பக்கவாட்டுல நீட்டா இழுத்துகினு போவணும். இடம் எங்க கீது? கிச்சன்ல பாதி பூடும். ஃப்ரீ செட்டு உள்ள நுழையாதுக்கா."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் அடுப்பு வரவேண்டிய இடத்தில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். எதையோ தாளிப்பது போல வலது கை மட்டும் அசைந்தது. எனக்குக் கடுகு வெடிக்கிற வாசனைகூட வந்தது. பிறகு கண்ணைத் திறந்து, செருப்புக் காலால் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, உள்ளே தள்ளிப் புதுக் கோடு போட்டார்.

"கேன்டீன்ல ஊருக்கே ஆக்கிட்டேன். ரெண்டு பேருக்கு இம்மாம் எடம் போதும்."

"செஞ்சி குட்த்துடறேன்கா, நம்புங்க."

"உன்ன நம்பறேன் நைனா. நீ சொன்னது காத்துல கீது, காயிதத்துல எழுது."

எழுதினார். உயரம் ரோட்டிலிருந்து, சரிவின் நீளம், குளியலறைக் கதவின் அகலம், கழிவுநீர் இணைப்பு யார் பொறுப்பு, எந்த வேலை முடிந்தால் எந்தத் தவணை எல்லாமே ஒப்பந்தத்தில் ஏறின. 'அல்லது அதற்கு இணையான' என்று வேறு பொருளை மாற்றிப் போட வழி இருந்த இடத்திலெல்லாம் இன்ன பொருள் என்று பெயர் வந்தது. அதன் பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார். அந்தத் தம்பி ஏமாற்றுக்காரர் இல்லை. இதையெல்லாம் அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வீடு எழும்பியது. அதில் அக்கா இரண்டு மழைக்காலம் பார்த்தார். தெருவில் தண்ணீர் நின்றது, உள்ளே வரவில்லை. நோயில் படுத்த கடைசி நாட்களில், அந்தச் சின்னச் சமையலறையில் மாமா கஞ்சி வைத்து மடியில் தாங்கி நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார். "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே அக்கா முழுவதும் குடிப்பார்.

இரவும் பகலும் துணையிருந்த தெருப் பெண்களுக்கும், கைப்பிடித்துச் செபித்த பங்குத்தந்தைக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், சொல்லாமலே வந்து பந்தல் போட்ட அந்தக் கான்ட்ராக்டர் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

அக்காவை அடக்கம் செய்த அன்று பெட்டியைத் தூக்கினோம். பழக்கத்தில் மாமாவையும் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். "வுடுங்கப்பா" என்றார் மாமா. நாங்கள் அக்காவோடு சரிவில் இறங்கினோம். பின்னாலேயே சக்கரச் சத்தம் கேட்டது. கீழே நின்றிருந்த கான்ட்ராக்டர் ஒதுங்கி வழிவிட்டார். மாமா யாரையும் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து, தெருவுக்கு இறங்கி, அக்காவுக்குப் பின்னால் வந்தார்.